சாளை வாங்கும் முன் ஐஸ் வாங்குங்கள்

கரையில் மீன் வாங்கி உள்ளூரில் விற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சாளையில்தான் ஆரம்பிக்கிறார்கள். காரணம் எளிது. வஞ்சிரம், பாறை எல்லாம் கையைச் சுடும் விலை. சாளை மலிவு, எப்போதும் கேட்பார் உண்டு, மிஞ்சினால் கருவாடு போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தூத்துக்குடியில் எடுத்து கோவில்பட்டிக்குக் கொண்டுபோவது. அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். முதல் மாதத்திலேயே ஒரு பெட்டி மீனைக் குழி தோண்டிப் புதைத்தேன். அந்தக் கதை கீழே வரும்.

கரை விலைக்கும் ஊர் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அவ்வளவும் லாபம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த வித்தியாசத்தில் பாதி ஐஸுக்கும் வண்டிக்கும் கழிவுக்கும் போகிறது. மீதிதான் உங்களுக்கு. ஐஸில் மிச்சம் பிடித்தால் அந்த மீதியும் இல்லை. மற்ற மீனுக்கு ஐஸ் ஒரு செலவு. சாளைக்கு ஐஸ்தான் தொழில், மீன் அதற்குள் வைக்கிற சரக்கு.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் பக்கம் சாளை. கேரளத்திலும் அதை ஒட்டிய ஊர்களிலும் மத்தி. சென்னைப் பக்கம் கவலை என்பார்கள். எண்ணெய் ஏறிய பெரிய சாதியைப் பேச்சாளை என்று சொல்கிற ஊர்களும் உண்டு. இதன் சின்னத் தம்பிமார் சூடை, கீரிச்சாளை என்று பல பெயரில் வருவார்கள். எல்லாம் ஒரே குடும்பம், ஆனால் எண்ணெய் ஒரே அளவு இல்லை. நெத்திலி வேறு குடும்பம். அதைப் பிறகு பார்ப்போம்.

எண்ணெய்ச் சாளைக்கு ஆயுள் இரண்டு, இரண்டரை வருஷம்தான். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வளர்ந்தால் முட்டைக்குத் தயாராகிவிடும். முட்டையிட்டு முடித்த மீன் மெலிந்து கிடக்கும். உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் இருக்கும். அப்புறம் தின்று கொழுக்கத் தொடங்கினால் அதே மீனில் கொழுப்பு நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டும். மேற்குக் கரையில் ஜூன் தொடங்கிச் சில மாதம் முட்டைக் காலம், மழைக்குப் பிறகு கொழுப்புக் காலம். நம் கிழக்குக் கரையில் ஊருக்கு ஊர் முன்பின் மாறும். ஒரு மீனை வெட்டிக் கழுவிப் பாருங்கள். கழுவிய தண்ணீரில் எண்ணெய் வட்டம் மிதந்தால் கொழுத்த மீன். இந்த ஒரு சோதனை மிக முக்கியம். அன்றைய மீனை ஐஸில் வைப்பதா, உப்பில் போடுவதா, வெயிலில் காயவைப்பதா என்பதை அந்த எண்ணெய்தான் முடிவு செய்கிறது.

கெட்டுப்போவதிலும் சாளைக்குத் தனி வழி உண்டு. மூன்று விதமாகக் கெடும்.

வயிறு முதலில் போகும். நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போது பிடிபட்ட மீனின் குடலில் செரிமானச் சாறு நிறைய இருக்கும். மீன் செத்தபின் அது தன் வயிற்றுச் சுவரையே கரைக்க ஆரம்பிக்கும். சூட்டில் விட்டால் சில மணி நேரத்தில் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிடும். வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

இரண்டாவது, எண்ணெய் காறிப்போவது. காற்றும் வெயிலும் பட்டால் மஞ்சளாகித் தொண்டையில் பிடிக்கும் ஒரு வாடை வரும். இதை ஐஸ் முழுக்க நிறுத்தாது, தள்ளிப்போடும்.

மூன்றாவதுதான் ஆபத்து, கண்ணுக்கும் தெரியாது. சாளை, அயிலை, சூரை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒரு சத்து அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பொரித்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது. உண்டானது உண்டானதுதான். 'காலையில் கொஞ்ச நேரம் வெளியே கிடந்தது, அப்புறம் நிறைய ஐஸ் போட்டுவிட்டேன்' என்கிற சமாதானம் சாளையிடம் செல்லாது.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்

நீங்கள் கடலுக்குப் போகப்போவதில்லை என்றாலும், எந்த வலையில் வந்த மீன் என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

பைபர் படகிலும் வள்ளத்திலும் போகிறவர்கள் பெரும்பாலும் செவுள் வலை போடுவார்கள். சாளைக்கென்று சின்னக் கண்ணியில் செய்த வலையைச் சாளை வலை என்றே சொல்வார்கள். மேலே மிதவை, கீழே ஈயம். நீரில் சுவர் மாதிரி நிற்கும். கூட்டமாக ஓடிவரும் மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். அந்தி சாயும்போதும் விடியும் முன்னும் சாளை மேல்மட்டத்துக்கு வரும் என்பதால் அந்த நேரம் பார்த்துத்தான் வலை விடுவார்கள். நிலவில்லாத இரவில் கூட்டம் ஓடுகிற இடத்தில் தண்ணீர் மினுங்கும். அதைப் பார்த்தே அனுபவசாலிகள் கூட்டத்தின் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

செவுள் வலை மீனில் ஒரு நன்மை, ஒரு தீமை. கண்ணிக்கு ஏற்ற ஒரே அளவு மீன்தான் வரும், அதனால் தரம் பிரிக்கிற வேலை இல்லை. ஆனால் வலையிலிருந்து மீனைக் கழற்றுவதுதான் மோசமான கட்டம். அவசரத்தில் வலையை உதறுவார்கள். செதில் உதிரும், செவுள் கிழியும், கரை மணலில் விழும். கரையில் நின்று ஒரு நாள் பாருங்கள். ஒரு படகில் நாலு பேர் உட்கார்ந்து விரலால் தலையை அழுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போடுவார்கள். பக்கத்துப் படகில் வலையோடு மணலில் இழுத்துப் போட்டு உதறுவார்கள். ஒரே கடல், ஒரே இரவு, ஒரே மீன். ஆனால் மாலைக்குள் இரண்டும் வேறு வேறு மீன். முதல் படகுக்காரரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள்.

கரையில் நின்று இழுக்கிற கரைவலை மீன் உயிரோடு துடிக்கத் துடிக்கக் கரைக்கு வரும். புதுசு என்றால் அதைவிடப் புதுசு கிடையாது. ஆனால் மணல், பொடிமீன், சொறி (ஜெல்லி மீன்) எல்லாம் கலந்திருக்கும். கழுவிப் பிரிக்க ஆள் வேண்டும்.

மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலையில் வரும் மீன் டன் கணக்கில் குவியும், விலை சரியும், புதிதாக வருகிறவருக்கு ஆசை காட்டும். தமிழ்நாட்டில் இந்த வலைக்கு 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், பல நிபந்தனைகளோடு அனுமதித்தது. இதைச் சுற்றி மீனவர்களுக்குள்ளேயே பெரிய மனத்தாங்கல் இருக்கிறது. புதிதாக வருகிற வியாபாரி ஒரு கிராமத்தின் சண்டையில் தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாது. எந்த வலை மீன், எங்கே இறங்கியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான பொடிச்சாளையை வாங்காதீர்கள். கேரளத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், முட்டையிடாத குஞ்சை இன்றைக்கு மலிவாக வாங்கினால் அடுத்த வருஷம் வாங்க மீன் இருக்காது. அதோடு பொடி மீன் ஐஸில் நசுங்கிக் கூழாகிவிடும். அதில் லாபமும் இல்லை.

தடைக்காலம் தெரிந்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இது விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் போகும். அதனால் அந்த இரண்டு மாதமும் சாளை வரும், ஆனால் மற்ற மீன் குறைவதால் விலை ஏறியிருக்கும்.

கரைக்குப் போகும் முன்

வரிசை இதுதான்: ஐஸ், பெட்டி, வண்டி, வாங்குகிறவர், அப்புறம் மீன். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மீனை ஏலத்தில் எடுத்துவிட்டு ஐஸுக்கு அலைவார்கள். அன்றைக்குப் பார்த்து எல்லாப் படகிலும் பாடு (பிடிபட்ட மீன்) நன்றாக இருக்கும், ஐஸ் கம்பெனி வாசலில் வண்டி வரிசை நிற்கும். ஒரு மணி நேரம் போச்சு.

எவ்வளவு ஐஸ்? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ மீனை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 25 கிலோகலோரியை எடுக்க வேண்டும். ஆக ஒரு கிலோ மீனைக் குளிர வைக்க மட்டும் முந்நூறு கிராமுக்கு மேல் ஐஸ் கரைந்துவிடும். இது முதல் செலவு. அதற்குப் பிறகு வெளியிலிருந்து உள்ளே வருகிற சூட்டுக்கு வேறு ஐஸ் வேண்டும். நல்ல தெர்மாகோல் பெட்டி, மூன்று மணி நேரப் பயணம் என்றால் 100 கிலோ மீனுக்கு 60, 70 கிலோ. சாதாரண பிளாஸ்டிக் கிரேட்டு என்றால் சரிக்குச் சரி. சித்திரை வெயிலில் எந்தப் பெட்டியானாலும் சரிக்குச் சரிதான்.

பார் ஐஸ் பெயருக்கு 50 கிலோ. வாங்கி, உடைத்து, கரைக்கு வருவதற்குள் உருகியது போகக் கைக்கு வருவது குறைவு. அதையும் கணக்கில் சேருங்கள். குடிநீரில் செய்த ஐஸ்தானா என்று கேளுங்கள். மிஷினில் உடைத்தால் பொடியாக வரும். சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்தால் பெரிய துண்டும் முனையும் இருக்கும். அந்த முனை சாளையின் வயிற்றைக் குத்தும். சாளைக்குப் பொடி ஐஸ்தான் வேண்டும். பொடி ஐஸ் மீனின் உடம்பெல்லாம் ஒட்டும், கட்டி ஐஸ் அங்கங்கே தொடும்.

ஏலத்தில்

முதல் பத்து நாள் வாங்காதீர்கள். நின்று பாருங்கள். ஏலம் விடுகிறவர் பேச்சு வேகமாக இருக்கும், விலை கிலோவுக்கா பெட்டிக்கா கூடைக்கா என்பதே புரியாது. பெட்டி என்றால் எந்த அளவுப் பெட்டி, தண்ணீர் வடித்ததா வடிக்காததா என்று பாருங்கள். ஐஸோடு சேர்த்து எடை போட்ட பெட்டியை மீன் எடை என்று வாங்கிவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் உண்டு.

மீனைப் பார்க்கும்போது மேல் அடுக்கைப் பார்க்க வேண்டாம், மேலே நல்ல மீனைத்தான் வைப்பார்கள். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுங்கள். தலையைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். வால் தொங்காமல் விறைப்பாக நின்றால் பிடித்து அதிக நேரம் ஆகவில்லை. கண் பளிச்சென்று சற்றுப் புடைத்திருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. பழுப்பு என்றால் வைத்துவிடுங்கள். பெருவிரலால் வயிற்றை லேசாக அழுத்துங்கள், உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், விரல் பதிந்து நின்றால் ஐஸில் போட்டாலும் வீடு வரும் முன் கிழியும். கடைசியாக மோந்து பாருங்கள். புது மீனுக்குக் கடல் வாடை இருக்கும், மீன் வாடை இருக்காது.

வலை எத்தனை மணிக்கு ஏறியது என்று கேளுங்கள். நீங்கள் வாங்கிய நேரத்திலிருந்து மணி ஓடவில்லை, மீன் செத்த நேரத்திலிருந்து ஓடுகிறது. இரவு பத்துக்குப் பிடித்து, ஐஸ் இல்லாமல் விடிகாலை ஐந்துக்குக் கரைக்கு வந்த மீனை எந்த விலைக்கும் பச்சை மீனாக விற்க எடுக்காதீர்கள்.

பெட்டி கட்டுவது

இங்கேதான் நான் விழுந்தேன். அன்றைக்கு நாற்பது கிலோ சாளை. அருமையான மீன், செவுள் ரத்தம் சொட்டுகிற மாதிரி. அடியில் கொஞ்சம் ஐஸ், அதன்மேல் நாற்பது கிலோவையும் ஒரே பெட்டியில் கொட்டி, மேலே மலை மாதிரி ஐஸைக் குவித்து மூடினேன். ஐஸும் குறைவில்லை, முப்பது கிலோ போட்டிருந்தேன். கோவில்பட்டிக்குப் போய்த் திறந்தபோது மேலே பாதி ஐஸ் அப்படியே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அங்கே சந்தையில் முப்பது வருஷமாக மீன் விற்கிற ஒரு அக்கா வந்து, பேசாமல் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார்.

"இங்க வந்து கைய விட்டுப் பாரு தம்பி. நடுவுல காய்ச்சல் அடிக்கி."

விட்டுப் பார்த்தேன். மேலே சில்லென்று இருந்தது. ஒரு சாண் கீழே வெதுவெதுப்பு. நடு மீன் எல்லாம் வயிறு கிழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஐஸ் இருந்தும், ஐஸ் மீனைத் தொடவில்லை. கனமாகக் குவிந்த மீனுக்குள் குளிர் இறங்க மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் நடுவில் இருக்கிறது வெந்துகொண்டே இருக்கும்.

இப்போது இப்படிக் கட்டுகிறேன். வாங்கியவுடன் ஒரு பெரிய டிரம்மில் இரண்டு பங்கு பொடி ஐஸ், ஒரு பங்கு சுத்தமான கடல்நீர். கலக்கினால் கூழ் மாதிரி ஆகும். மீனை அதில் கொட்டிக் கையால் மெதுவாகப் புரட்டி விடுவேன். தண்ணீர் ஒவ்வொரு மீனையும் சுற்றித் தொடும் என்பதால் சின்ன மீன் கால் மணி, இருபது நிமிஷத்தில் உள்வரை குளிர்ந்துவிடும். மணலும் ரத்தமும் கழுவிப் போகும். துறைமுகத்துக்குள் கிடக்கிற எண்ணெய்த் தண்ணீரை இதற்கு எடுக்கவே கூடாது. வெளியே போகிற படகில் ஒரு கேன் கொடுத்து மொண்டு வரச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் ஊறப் போடவும் கூடாது. கண் வெளுத்து, மீன் சொதசொதவென்று ஆகிவிடும்.

குளிர்ந்த மீனை வடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அடியில் நாலு விரல் கனம் ஐஸ். அதன்மேல் மீன், அதுவும் நாலு விரலுக்கு மேல் வேண்டாம். மறுபடி ஐஸ். இப்படியே போய், மேலே கடைசியாக ஒரு கனமான ஐஸ் போர்வை. பக்கச் சுவரை ஒட்டியும் ஐஸ் விழ வேண்டும், சூடு அந்த வழியாகத்தான் வரும். ஒரு பெட்டிக்கு 20, 25 கிலோ மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் அடி மீன் நசுங்கும். மூடிக்கும் ஐஸுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால் வண்டி குலுக்கலில் மீன் ஒன்றோடொன்று தேய்ந்து செதில் போய்விடும், அதையும் ஐஸால் நிரப்புங்கள். அடியில் வடிகால் ஓட்டை வேண்டும். மீன் தன் ரத்தத் தண்ணீரிலேயே மிதக்கக் கூடாது.

ஐஸில் உப்பு அள்ளிப் போட்டால் கூடக் குளிரும் என்று சிலர் சொல்வார்கள். குளிரும்தான். ஆனால் மேல் மீன் உறைந்து, உருகும்போது சதை பஞ்சு மாதிரி ஆகும். தேவையில்லை.

சாலையில்

விடியும் முன் கிளம்பிவிடுங்கள், ஐஸ் மிச்சமாகும். பெட்டிகளின் மேல் ஈரச் சாக்கு, அதற்கு மேல் தார்ப்பாய். டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டி என்றால் பெட்டிக்கு அடியில் பலகை கொடுங்கள், வெயில் ஏறிய தகரத் தளத்தில் நேராக வைத்தால் அடி ஐஸ் முதலில் போகும். டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் ஒரு பெட்டி கட்டிப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அதில் தப்பில்லை, ஒரு பெட்டியோடு, ஒரு மணி நேரத் தூரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வடிகிற தண்ணீருக்கு அடியில் ஒரு கேன் கட்டுங்கள். சாளைத் தண்ணீர் ரோட்டில் சொட்டினால் பின்னால் வருகிறவன் திட்டுவான், திட்டுவதில் நியாயமும் இருக்கிறது.

எட்டயபுரம் தாண்டும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும். திறக்க மாட்டேன். ஒருமுறை திறந்தால் உள்ளே இருக்கிற குளிர் காற்றெல்லாம் போய்விடும். ஐஸ் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் திறங்கள், இல்லையென்றால் சந்தையில்தான் திறக்க வேண்டும்.

சந்தையில் மொத்த மீனையும் பரப்பி வைக்காதீர்கள். தட்டில் இரண்டு கிலோ, அதற்கு அடியில் ஐஸ். மீதி பெட்டிக்குள். நன்றாக ஐஸில் வைத்த சாளை நாலைந்து நாள்கூடத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டாம் நாளுக்கு மேல் நான் பச்சையாக விற்பதில்லை. வாங்குகிறவர் வீட்டில் அது எத்தனை மணி நேரம் வெளியே கிடக்கும் என்பது என் கையில் இல்லையே.

பிரீசரில் போட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். கழுவி உறைய வைத்து, உறைந்த மீனை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி பிரீசரில் வைத்தால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் போர்வை பிடிக்கும், காற்று அண்டாது. அப்படியும் கொழுத்த சாளையை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கல் மாதிரி உறைந்திருந்தாலும் எண்ணெய் காறுவது நிற்காது.

மிஞ்சினால் கருவாடு என்பவர்களுக்கு

கெட்டுப்போன மீனைக் கருவாடு போடலாம் என்கிற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். கருவாட்டுக்கும் புது மீன்தான் வேண்டும். ஹிஸ்டமின் உப்பில் கரைந்து போகாது. 'இது பச்சைக்கு, இது உப்புக்கு' என்று கரையிலேயே பிரித்துவிட வேண்டும். சாயங்காலம் மிஞ்சியதைப் பார்த்து முடிவு செய்தால் தாமதம்.

கொழுத்த சாளையை உப்பில்லாமல் வெயிலில் காயப் போட்டால் எண்ணெய் வடிந்து, மஞ்சள் பூத்து, காறிப்போகும். அதற்கு உப்புத் தொட்டிதான் வழி. குடல், செவுள் எடுத்துக் கழுவி, மூன்று அல்லது நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. தொட்டியில் அல்லது பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மீன். மேலே பலகை வைத்துக் கல் ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் மீனிலிருந்து தண்ணீர் விட்டு அதுவே உப்புநீராகி மேலே ஏறும். மீன் அந்த உப்புநீருக்குள் முழுகியே கிடக்க வேண்டும். கல் ஏற்றுவது அதற்குத்தான். உள்ளே முழுகிய மீனுக்குக் காற்று படாது, எண்ணெய் காறாது. மேலே தலை நீட்டுகிற மீன் ஒரே நாளில் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். இரண்டு, மூன்று நாளில் எடுத்து, உப்புநீரிலேயே அலசி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலை கட்டி அதன்மேல் காயப் போடுங்கள். மணலில் பரப்பினால் மணலும் காக்கையும் நாயும் உங்களுக்குப் பங்காளிகள். உச்சி வெயிலில் நிழல்துணி போடுவது நல்லது, இரவில் மூடி வைக்க வேண்டும்.

உப்பிலும் சாதி உண்டு. தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமில்லை என்பதால் மலிவான அழுக்கு உப்பை அள்ளிவிடத் தோன்றும். மக்னீசியம் அதிகமுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், கருவாடு கசக்கும், சீக்கிரம் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பை விரும்பி வாழும் ஒரு கிருமி, உப்போடுதான் வருகிறது.

வெறும் வெயிலில் காயப்போட நெத்திலிதான் சரியான மீன். சின்ன உடம்பு, எண்ணெய் குறைவு. கடல்நீரில் அலசி ஒற்றை அடுக்காகப் பரப்பினால் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் கலகலவென்று ஆகும். ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஏறக்குறைய நாலைந்து கிலோ பச்சை நெத்திலிக்கு ஒரு கிலோ கருவாடு என்று கணக்கு வையுங்கள். கருவாட்டில் இறங்க நினைக்கிற புதியவருக்கு நான் சொல்வது நெத்திலியைத்தான், சாளையை அல்ல.

இன்னொரு பழைய முறை கேட்கச் சுவையானது. மீனை உப்பிட்டு, வயிற்றில் கொறுக்காய்ப்புளி (குடம்புளி) வைத்து, பீப்பாயில் அடுக்கி, அதன் உப்புநீரிலேயே மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். காயப்போடுவதே கிடையாது. தென்னிந்தியக் கரைகளிலிருந்து கொழும்புக்கு ஏற்றுமதியானதால் இதற்குக் கொழும்புப் பதம் என்றே பெயர் வந்துவிட்டது. இலங்கையில் சிங்களவர்கள் இன்றைக்கும் இதே முறையில் ஜாடி போடுகிறார்கள். புளி சேர்வதால் கிருமி அடங்கும், காற்றில்லாததால் எண்ணெய் காறாது. சாளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் எண்ணம். நம் பக்கம் இப்போது செய்வார் அரிதாகிவிட்டது.

பார்மலினும் பதிவும்

'ரெண்டு சொட்டு விட்டா ரெண்டு நாள் நிக்கும்' என்று யாராவது ஒருவர் உங்களிடம் வருவார். பார்மலின் பிணத்தைப் பதப்படுத்துகிற மருந்து. மீனில் அதற்கு அனுமதி இல்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதத் துண்டில் தேய்த்துப் பார்க்கிற சோதனைப் பெட்டியை உருவாக்கியிருக்கிறது. அதிகாரிகள் சந்தையிலேயே சோதிக்கிறார்கள். பிடிபட்டால் உங்கள் மீன் மட்டுமல்ல, அந்தச் சந்தையில் ஒரு வாரத்துக்கு யார் மீனும் விற்காது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சின்ன வியாபாரத்துக்கு எளிய பதிவு போதும், விற்றுமுதல் கூடினால் உரிமம். எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை இருக்கட்டும்.

ஒரே மீனை நம்பி வண்டி வாங்காதீர்கள்

கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021இல் அது 3,500 டன்னுக்கும் கீழே போனது. தப்பாக அச்சாகவில்லை, லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு. அப்புறம் மறுபடி ஏறிவிட்டது. கடல் சூடு, மழை, இரை, அளவுக்கு மீறிய பிடிப்பு என்று காரணம் பல. நம் பக்கமும் சில வருஷம் குவியும், சில வருஷம் கண்ணில் காட்டாது. அதனால் கடன் வாங்கிப் பெரிய வண்டி எடுக்கும் முன், சாளை வராத மாதத்தில் அந்தப் பெட்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்று யோசித்து வையுங்கள். நெத்திலி, காரல், அயிலை என்று இரண்டு மூன்று மீனாவது கைவசம் இருக்க வேண்டும். ஒரு நோட்டில் தினமும் நாலு வரி எழுதுங்கள்: காற்று எந்தப் பக்கம், கரை விலை, வாங்கிய ஐஸ், கழிவு எத்தனை கிலோ. ஒரு வருஷம் முடிந்தால் உங்கள் ஊருக்கான பஞ்சாங்கம் உங்களிடம் இருக்கும்.

விற்று முடித்ததும் அசதியாக இருக்கும், பெட்டியை நாளைக்குக் கழுவலாம் என்று தோன்றும். சாளை எண்ணெய் காய்ந்தால் தெர்மாகோலில் ஊறிவிடும், அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது, அடுத்த நாள் மீன் பெட்டிக்குள் போகும்போதே வாடை ஏறும். வெந்நீரும் சோப்பும் போட்டு அன்றைக்கே தேய்த்து, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் அலசி, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, கவிழ்த்து வெயிலில் வையுங்கள். கை வாடைக்குப் புளியைக் கரைத்துத் தேய்த்தால் போதும். அப்படியே ஐஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு நாளைக்கு எத்தனை பார் என்று சொல்லிவிடுங்கள்.